திரை யார் பொறுப்பு? ஃபங்ஷனல் மொழிகளில் இடைமுகம் கட்டிய கதை

இரண்டு உள்ளீட்டுப் பெட்டிகள். ஒன்றில் செல்சியஸ், இன்னொன்றில் ஃபாரன்ஹீட். இடப்பக்கம் 37 என்று அடித்தால் வலப்பக்கம் 98.6 என்று வர வேண்டும். வலப்பக்கம் 212 என்று அடித்தால் இடப்பக்கம் 100 ஆக வேண்டும். இடைமுக நூலகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்கென் கிஸ் 2014 வாக்கில் தொகுத்த ஏழு பயிற்சிகளில் இது இரண்டாவது. கணக்கு ஒரே வரி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் நிரலாக எழுத உட்கார்ந்தால் கை தடுமாறும்.

வழக்கமான முறையில் எப்படி எழுதுவோம்? இடப் பெட்டி மாறினால் ஓட ஒரு கால்பேக் (ஏதாவது நடந்ததும் அழைக்கச் சொல்லிப் பதிந்து வைக்கும் ஃபங்ஷன்), வலப் பெட்டி மாறினால் ஓட இன்னொரு கால்பேக். இடப் பெட்டியில் அடித்ததும் அதன் கால்பேக் வலப் பெட்டியை மாற்றுகிறது. வலப் பெட்டி மாறிவிட்டதே என்று அதன் கால்பேக் ஓடி, திரும்ப இடப் பெட்டியை மாற்றுகிறது. சில நூலகங்களில் இது முடிவில்லாமல் சுற்றும். சிலவற்றில் ஒரு சுற்றோடு நின்றுவிடும். ஆனால் அதற்குள் தசமத்தை முழுமையாக்கியதில், நீங்கள் அடித்துக்கொண்டிருந்த எண்ணே உங்கள் கண்முன் மாறிப்போகும். இதைத் தடுக்க ‘இப்போது மாற்றுவது நான்தான், நீ கண்டுகொள்ளாதே’ என்று ஒரு கொடி மாறியை வைப்போம். பெட்டிகள் இரண்டிலிருந்து இருபது ஆனால் கொடிகளும் பெருகும். எந்தக் கொடி எப்போது ஏறியது, யார் இறக்கினார்கள் என்பது எழுதியவருக்கே மறந்துவிடும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. அடோபி நிறுவனத்தில் இருந்த ஷான் பேரன்ட் 2000-களின் நடுவில் தன் உரைகளில் ஒரு கணக்கைச் சொல்லி வந்தார்: அந்நிறுவனத்தின் டெஸ்க்டாப் மென்பொருள்களில் மூன்றில் ஒரு பங்கு நிரல் நிகழ்வுகளைக் கையாளவே போகிறது, பதிவாகும் பிழைகளில் பாதி அந்தப் பங்கில்தான் இருக்கின்றன.

மாறிகளே வேண்டாம் என்று சொல்லும் ஃபங்ஷனல் மொழிகள் இதற்கு மருந்தாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த மொழிகளுக்கு நீண்ட காலம் மிகக் கடினமாக இருந்த வேலைகளில் ஒன்று திரையில் ஒரு பட்டன் வைப்பது.

காரணம் எளிமையானது. ஹாஸ்கெல் போன்ற தூய ஃபங்ஷனல் மொழியில் ஃபங்ஷன் என்பது கணிதத்தில் வரும் சார்பு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. விடை தருவதைத் தவிர வேறெதையும் அது செய்யாது. பட்டனின் கால்பேக்கோ இதற்கு நேர்மாறு. அது விடை எதையும் தருவதில்லை, எதையாவது மாற்றுவதற்கென்றே இருக்கிறது. விடையும் தராமல் எதையும் மாற்றவும் செய்யாத ஃபங்ஷனை எழுதி என்ன பயன்?

வரலாறும் எதிரணியில் நின்றது. இன்று நாம் காணும் விண்டோ, மெனு, மவுஸ் உலகம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில், ஸ்மால்டாக் மொழியோடு சேர்ந்தே வளர்ந்தது. நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்கௌக் 1979-ல் அங்கேதான் எம்.வி.சி. (தரவு, காட்சி, கட்டுப்பாடு என்று நிரலை மூன்றாகப் பிரிக்கும்) அமைப்பை எழுதி வைத்தார். ஒவ்வொரு விண்டோவும் தன் நிலையைத் தானே சுமக்கும் ஒரு பொருள், அதற்குச் செய்தி அனுப்பினால் அது தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற எண்ணம் அப்போதே கெட்டிப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த இடைமுக நூலகங்களில் பெரும்பாலானவை அந்த அச்சில் வார்த்தவை. ஃபங்ஷனல் குடும்பத்திலேயே லிஸ்ப், ஓகேமில் போன்ற மொழிகள் மாறிகளை அனுமதித்ததால் இந்தச் சண்டையில் சிக்கவில்லை. அவற்றில் தேவைப்பட்ட இடத்தில் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். முட்டி மோதியது தூய்மையில் விடாப்பிடியாக நின்ற கிளைதான். அதனால்தான் சுவையான யோசனைகளும் அங்கிருந்து வந்தன.

ஹாஸ்கெலின் முதல் வரையறை 1990-ல் வந்தபோது உள்ளீடு, வெளியீடு இரண்டுக்குமே ஒரு விசித்திர ஏற்பாடு இருந்தது. நிரல் என்பது பதில்களின் பட்டியலை வாங்கிக் கோரிக்கைகளின் பட்டியலைத் தரும் ஃபங்ஷன். ‘கோப்பைத் திற’ என்பது ஒரு கோரிக்கை, ‘திறந்தாயிற்று’ என்பது அதற்கான பதில். தேவைப்படும்போதுதான் கணக்கிடுவது என்ற ஹாஸ்கெலின் சோம்பேறித்தனத்தால் மட்டுமே இது ஓடியது. இல்லாவிட்டால் பதில் வருமுன் கோரிக்கையை எழுத முடியாதே. வெளிவேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மொனாட் என்ற கட்டமைப்பின் வழியிலான தீர்வு 1996-ல் வெளியான 1.3 பதிப்பில்தான் தரத்தில் சேர்ந்தது.

அந்தப் பட்டியல் காலத்து மனநிலையில் பிறந்ததுதான் ஃபட்ஜெட்ஸ். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் உள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாக்னுஸ் கார்ல்சன், தாமஸ் ஹால்கிரென் இருவரும் 1993-ல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு இடைமுக உறுப்பும் ஓர் ஓடை இயந்திரம். ஒரு பக்கம் செய்திகள் நுழையும், மறுபக்கம் செய்திகள் வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் கீழே, நிரல் எழுதுபவர் கண்ணில் படாமல், யூனிக்ஸ் கணினிகளில் திரையை வரையும் எக்ஸ் விண்டோ அமைப்போடு பேசும் இன்னொரு ஓடை இருக்கும். பட்டனை அழுத்தினால் எண் ஒன்று கூடும் சின்ன நிரலை மூன்று துண்டுகளாக எழுதுவார்கள்: பட்டன், எண்ணிக்கையை வைத்திருக்கும் துண்டு, எண்ணைக் காட்டும் துண்டு. மூன்றையும் ஒரு செயற்குறியால் வரிசையாகக் கோத்தால் நிரல் முடிந்தது. எங்கும் மாறி கிடையாது, கால்பேக் கிடையாது.

இதைப் படித்துப் பார்க்கும் யாருக்கும் முதலில் மகிழ்ச்சிதான் வரும். ஆனால் இதில் உறுப்புகளைக் கோக்கும் விதமே திரையின் அமைப்பையும் பெரும்பாலும் தீர்மானித்தது. எண் காட்டியைப் பட்டனுக்கு மேலே வைக்க வேண்டுமா, பக்கத்திலா என்ற கேள்வியும், யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார் என்ற கேள்வியும் பின்னிக்கொண்டன. திரையின் இரு மூலைகளில் உள்ளவை ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் ஓடையை வளைத்துப் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். வெப்பநிலைப் பெட்டிகளுக்கு அப்படி ஒரு சுற்று தேவைப்படும். பத்துப் பெட்டிகளுக்கு ஓடைகளின் வரைபடத்தைத் தாளில் போட்டுக்கொண்டுதான் நிரலைப் படிக்க முடியும்.

அதே காலத்தில் நெதர்லாந்தின் நைமெகன் பல்கலைக்கழகத்தில் கிளீன் மொழிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். உலகத்தையே ஒரு மதிப்பாக ஃபங்ஷனுக்குக் கொடு, மாறிய உலகத்தைத் திருப்பி வாங்கு. ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் உலகம் இருக்கிறது என்பதை மொழியின் வகை அமைப்பே (எந்த மதிப்பு எந்த வகை என்று நிரல் ஓடுமுன்பே சரிபார்க்கும் பகுதி) பார்த்துக்கொள்ளும். துணிச்சலான யோசனை. அந்த மொழிக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை.

மற்றவர்கள் பொறுமை இழந்து நடைமுறைக்கு இறங்கினார்கள். ஜி.டி.கே., டபிள்யூஎக்ஸ் போன்ற சி, சி++ நூலகங்களுக்கு ஹாஸ்கெலில் உறை தைத்தார்கள். மொனாட் கையில் இருந்ததால் கால்பேக்கும் மாறியும் ஹாஸ்கெலுக்குள்ளேயே வந்துவிட்டன. வேலை நடந்தது, ஆனால் எழுதிய நிரல் சி நிரலுக்கு ஹாஸ்கெல் சட்டை போட்டதுபோல் இருந்தது. வகைகள் சில பிழைகளைப் பிடித்தன, சரி. கொடி மாறிகள் அப்படியே நின்றன. போதாக்குறைக்கு அந்த நூலகங்களைக் கணினியில் நிறுவி முடிப்பதற்குள் பாதி ஆர்வம் போய்விடும்.

இதற்கிடையே ஒருவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். கானல் எலியட், யேல் பல்கலைக்கழகத்தின் பால் ஹ்யூடாக்கோடு சேர்ந்து 1997-ல் ஃப்ரான் என்ற அமைப்பை வெளியிட்டார். அசைபடம் செய்வதற்கான மொழி அது. அதன் அடிப்படை ஒரு வரியில் அடங்கும்: காலத்தோடு மாறும் எதுவும், காலத்தை வாங்கி மதிப்பைத் தரும் ஃபங்ஷன். மவுஸ் எங்கே இருக்கிறது என்பது ஒரு மதிப்பு இல்லை. ‘எந்த நொடியில் எங்கே’ என்று சொல்லும் ஃபங்ஷன். பந்தை மவுஸுக்குப் பின்னால் அரை நொடி தாமதமாக ஓட விட வேண்டுமா? அதே ஃபங்ஷனுக்கு அரை நொடி குறைத்துக் காலத்தைக் கொடுத்தால் ஆயிற்று. கிளிக் போன்ற தனித்தனி நிகழ்வுகள், நேரமும் மதிப்பும் சேர்ந்த ஜோடிகளின் வரிசை. இதிலிருந்து கிளைத்த குடும்பத்துக்கே ஃபங்ஷனல் ரியாக்டிவ் நிரலாக்கம் என்று பெயர் வந்தது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக அழகான யோசனை இதுதான். மற்றவர்களெல்லாம் மாற்றத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று பார்த்தபோது, மாற்றம் என்று எதுவுமே இல்லை, காலத்தின் மேல் ஒரு வளைகோடு இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் எலியட். வெப்பநிலைப் பெட்டிகளை இந்த மொழியில் ஒரு சமன்பாடாகவே எழுதத் தோன்றும்.

ஆனால் வளைகோட்டைக் கணினியில் ஓட்ட வேண்டுமே. நிரல் தொடங்கிய நொடியிலிருந்து வரையறுத்த ஒரு மதிப்பை யாரும் பார்க்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அப்புறம் திடீரென்று கேட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு மணி நேரத்து மவுஸ் அசைவுகளையெல்லாம் நினைவகத்தில் சேர்த்து வைத்திருக்க வேண்டும், கேட்டவுடன் எல்லாவற்றையும் ஓட்டிக் கணக்கிட்டு நிகழ்காலத்துக்கு வர வேண்டும். நினைவகம் சத்தமில்லாமல் நிரம்பும், பிறகு திரை உறையும். எங்கே கசிகிறது என்று நிரலைப் படித்துக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நிரலில் தவறு எதுவும் இருக்காது. யேலில் பின்னர் வந்த யாம்பா, காலத்தோடு மாறும் மதிப்புகளை நேரடியாகக் கையில் கொடுக்காமல், அவற்றை மாற்றும் குழாய்களை மட்டும் கொடுத்து இதைச் சமாளித்தது. கசிவு குறைந்தது. எழுதும் முறை கனத்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஓடும் நொடி எண் ஒன்று, அதோடு ஒன்று கூட்டிய எண் இன்னொன்று. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியது என்பது எப்போதும் உண்மை. ஆனால் மாற்றத்தைப் பரப்பும் இயந்திரம் வரிசை தவறி, முதல் எண்ணை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒப்பீட்டைக் கணக்கிட்டால், கண நேரத்துக்கு விடை பொய் ஆகும். திரையில் அது ஒரு மின்னல் மாதிரி தெரிந்து மறையும். மாற்றத்தைத் தானாகப் பரப்பும் நிரலை எழுதும் ஒவ்வொருவரும் இந்தக் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகள் இப்படிக் காலத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, விடை ஏறக்குறைய ஒரு முதலாண்டு வகுப்பறையில் கிடந்தது. ரேக்கெட் மொழியைக் கட்டிய மத்தியாஸ் ஃபெல்லைசனும் கூட்டாளிகளும், நிரலாக்கம் புதிதாகப் படிக்கும் மாணவர்கள் விளையாட்டுகள் எழுதப் ‘பிக் பேங்’ என்ற சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். 2009-ல் அதைப் பற்றிய கட்டுரையும் வந்தது. மாணவர் தர வேண்டியவை மிகக் கொஞ்சம்: தொடக்க உலகம், உலகத்தைப் படமாக்கும் ஃபங்ஷன், கடிகாரம் துடிக்கும்போது அடுத்த உலகத்தைத் தரும் ஃபங்ஷன், விசை அழுத்தினால் அடுத்த உலகத்தைத் தரும் ஃபங்ஷன். மீதியை அமைப்பு பார்த்துக்கொள்ளும். ஓடை இல்லை, வளைகோடு இல்லை. பள்ளி இயற்கணிதம் தெரிந்தால் போதும்.

குழந்தை விளையாட்டு என்று அதை ஒதுக்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பத்தாண்டுக்குள் உலகத்தின் இடைமுக நிரல்களில் பல அந்த வடிவத்துக்குத்தான் வந்து சேர்ந்தன, வேறு பெயர்களில்.

அந்தப் பெயர்களில் முக்கியமானது எல்ம். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த எவன் சாப்லிக்கி 2012-ல் தன் இளநிலை ஆய்வேடாக எழுதிய, இணைய உலாவியில் ஓடும் நிரல்களுக்கான மொழி. தொடக்கத்தில் எல்மும் எலியட்டின் பேரப்பிள்ளைதான். காலத்தோடு மாறும் ‘சிக்னல்’ அதன் அடிப்படை. சிக்னலுக்குள் சிக்னல் கூடாது என்று ஒரு தடையைப் போட்டுக் கசிவைத் தவிர்த்தார் சாப்லிக்கி. அந்தத் தடைக்குள் நிரல் எழுதியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே அமைப்புக்கு வந்தார்கள். நிரலின் நடுவில் ஒரே ஒரு சிக்னல், அதில் முழு நிலை, அதை முன்னோக்கி நகர்த்தும் ஒரு ஃபங்ஷன், அதைத் திரையாக்கும் இன்னொரு ஃபங்ஷன். சிக்னல் அங்கே வெறும் சடங்காகிவிட்டது. 2016 மே மாதம் வந்த 0.17 பதிப்பில் சாப்லிக்கி சிக்னல்களையே மொழியிலிருந்து எடுத்துவிட்டார். ரியாக்டிவ் நிரலாக்கத்துக்கு விடைகொடுக்கிறோம் என்று அறிவிப்பின் தலைப்பிலேயே சொன்னார். தன் மொழி எதற்காகப் பிறந்ததோ அதையே வெட்டி எறிய எத்தனை பேருக்கு மனம் வரும்!

எஞ்சியது இவ்வளவுதான்:

புதுப்பி : செய்தி → நிலை → நிலை
காட்டு : நிலை → திரை

இரண்டும் தூய ஃபங்ஷன்கள். பட்டனை அழுத்தினால் ஒரு செய்தி உருவாகும். ‘புதுப்பி’ பழைய நிலையையும் செய்தியையும் வாங்கிப் புது நிலையைத் தரும். ‘காட்டு’ அதைத் திரையின் விவரிப்பாக்கும். இணையத்திலிருந்து தரவு எடுப்பது போன்ற வெளிவேலைகளுக்கு, ‘புதுப்பி’ நிலையோடு சேர்த்து ஒரு கட்டளையையும் தரும். டாக்டர் சீட்டு எழுதித் தருவார், மருந்தை எடுத்துக் கொடுப்பது மருந்துக்கடைக்காரர் வேலை. அந்தக் கட்டளையும் அப்படித்தான், ஒரு மதிப்பு மட்டுமே. அதை ஓட்டுவது எல்மின் இயக்க அடுக்கு. விடை வந்ததும் அதை இன்னொரு செய்தியாக்கி உள்ளே அனுப்பும்.

இப்போது வெப்பநிலைப் பெட்டிகளை எழுதிப் பார்க்கலாம். நிலையில் எதை வைப்பது? செல்சியஸ் எண் ஒன்றை மட்டும் வைத்தால் போதும், ஃபாரன்ஹீட்டைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். 37.5 என்று அடிக்கப் போகிறவர் முதலில் ‘37.’ வரைக்கும் அடிப்பார். அதை எண்ணாக மாற்றினால் 37. அந்த 37-ஐ ‘காட்டு’ திரும்பப் பெட்டியில் போட்டால் புள்ளி மறைந்துவிடும். பயனர் புள்ளியை அடிக்க அடிக்க நிரல் அழித்துக்கொண்டே இருக்கும். மைனஸ் 5 அடிக்க விரும்புபவருக்கோ முதல் எழுத்திலேயே தோல்வி, ஏனென்றால் வெறும் கழித்தல் குறி எண்ணே இல்லை. ஆகவே நிலையில் இருக்க வேண்டியவை: கடைசியாக எந்தப் பெட்டியில் அடித்தார்கள், அதில் என்ன எழுத்துகள் இருக்கின்றன. மற்றப் பெட்டியை இதிலிருந்து கணக்கிடலாம். எழுத்துகள் எண்ணாக மாறவில்லையென்றால் என்ன காட்டுவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பயனர் பாதி அடித்த நிலை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கால்பேக் முறையில் அது பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. இங்கே அதற்குப் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். கொடி மாறி தேவையில்லை, சுற்றவும் சுற்றாது. இந்த வடிவத்தின் உண்மையான லாபம் இதுதான் என்பேன்.

இன்னொரு லாபமும் சும்மா வருகிறது. ஒவ்வொரு நிலையும் மாறாத மதிப்பு என்பதால் பழைய நிலைகளையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கலாம், செய்திகளையும் வைக்கலாம். ‘செயல்தவிர்’ வசதிக்குப் பட்டியலில் ஒரு படி பின்னால் போனால் போதும். பிழை வந்தபோது நடந்த செய்திகளைத் திரும்ப ஓட்டினால் அதே பிழை மறுபடி வரும். டான் அப்ரமோவ் 2015-ல், நிலையை இதே பாணியில் நிர்வகிக்கும் ரீடக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பாரிஸ் மாநாட்டு மேடையில் காட்டியபோது பார்வையாளர்களைக் கவர்ந்தது இந்தப் பின்னோக்கிய பயணம்தான். எல்மிலிருந்து எடுத்த யோசனை என்று அவரும் மறைக்கவில்லை.

எல்லாம் சரி, ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் முழுத் திரையையும் புதிதாக விவரித்தால் கணினி தாங்குமா? இதற்கு விடை சொன்னது ஃபேஸ்புக். அங்கே ஜோர்டன் வாக் உருவாக்கிய ரியாக்ட் என்ற இடைமுக நூலகம் 2013 மே மாதம் வெளியானது. அதன் முதல் மாதிரியை வாக் ஸ்டாண்டர்ட் எம்.எல். மொழியில் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது; ஃபங்ஷனல் குடும்பத்தின் மூத்த மொழிகளில் ஒன்று அது. திரையின் விவரிப்பை லேசான ஒரு மரமாக வைத்துக்கொள், புது மரத்தையும் பழைய மரத்தையும் ஒப்பிடு, வேறுபட்ட இடத்தை மட்டும் உண்மையான திரையில் மாற்று. இரண்டு மரங்களுக்கு இடையேயான மிகக் குறைந்த வேறுபாட்டைக் கறாராகக் கண்டுபிடிக்கும் பொதுவான வழிமுறைகளுக்கு உறுப்புகளின் எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கு அளவு வேலை. 1000 உறுப்புகளுக்கு 100 கோடி ஒப்பீடுகள். ரியாக்ட் அதைச் செய்வதில்லை. வேறு வகை உறுப்பு வந்தால் கிளையையே தூக்கி எறி, பட்டியல் உருப்படிகளுக்கு நிரல் எழுதுபவரே அடையாளச் சாவி கொடுக்கட்டும் என்ற இரண்டு குறுக்குவழிகளால் வேலை உறுப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் நின்றுவிடுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில் டேவிட் நோலன், குளோஜர்ஸ்கிரிப்ட் மொழியில் ஓம் என்ற மெல்லிய உறையை ரியாக்ட் மேல் போட்டுக் காட்டினார். மாறாத தரவில் ஒரு கிளை மாறவில்லை என்றால் அது நினைவகத்தில் அதே முகவரியில்தான் இருக்கும். முகவரி ஒன்றா என்று ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முழுக் கிளையையும் தாண்டிப் போகலாம். ரியாக்டை நேரடியாக எழுதுவதைவிட, மேலே ஒரு அடுக்கு போட்ட ஓம் சில இடங்களில் வேகமாக ஓடியது. மாறாத தரவு என்றால் மெதுவாகத்தான் இருக்கும் என்று அதுவரை சொல்லி வந்தவர்களுக்கு அது நல்ல பதில்.

ஆனால் இந்த வெற்றியில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திரையைத் தூய ஃபங்ஷனாக்க யாராலும் முடியவில்லை. முடிந்ததெல்லாம், திரைக்கும் நிரலுக்கும் நடுவே ஓர் இடைத்தரகரை வைத்ததுதான். அந்த அடுக்கு முழுக்க மாறிகளால் ஆனது, உலாவியின் ஆவண மரத்தை நொடிக்கு நூறு முறை மாற்றி எழுதுவது. ஃபட்ஜெட்ஸ் தோற்றதும் எல்ம் வென்றதும் கோட்பாட்டின் தரத்தால் என்று நான் நினைக்கவில்லை. எல்மின் காலத்தில் உலாவி என்ற பிரம்மாண்டமான, நன்கு சோதித்த இடைமுக இயந்திரம் எல்லா வீட்டிலும் இருந்தது. மரத்தை ஒப்பிடும் அழுக்கு வேலையைச் செய்யப் பொறியாளர்களும் இருந்தார்கள். 1993-ல் இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு எக்ஸ் விண்டோ மட்டும்தான் இருந்தது.

தரகர் இருக்கும் இடத்தில் கணக்கில் வராத சொத்தும் இருக்கும். கர்சர் எந்த எழுத்தில் நிற்கிறது, எந்தப் பெட்டியில் ஃபோகஸ், எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் ஆகியிருக்கிறது, எந்த எழுத்துகள் நீலமாகத் தேர்வாகியிருக்கின்றன: இவையெல்லாம் நிலைதான், ஆனால் உங்கள் ‘நிலை’யில் இல்லை, உலாவியிடம் இருக்கின்றன. பட்டியலின் உச்சியில் ஒரு வரியைச் சேர்த்து, அடையாளச் சாவி கொடுக்க மறந்தால், மூன்றாவது வரியில் அடித்துக்கொண்டிருந்தவரின் கர்சர் அதே இடத்தில் நிற்க, அந்த இடத்தின் உள்ளடக்கம் மட்டும் வேறாகிவிடும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமாக வலிக்கும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘அம்மா’ என்று அடிக்கும்போது எழுத்துகள் உடனே பெட்டியில் உறுதியாவதில்லை. சொல் முடியும்வரை அவை தற்காலிகமாக, பெரும்பாலும் அடிக்கோட்டோடு நிற்கும். உலாவி இதற்கெனத் தொடக்க நிகழ்வும் முடிவு நிகழ்வும் அனுப்பும். ‘பெட்டியில் இருப்பதை நிலைதான் தீர்மானிக்கும்’ என்ற கொள்கையோடு எழுதிய நிரல், நடுவழியில் உள்ளடக்கத்தை மாற்றி எழுதினால் அந்தத் தற்காலிகக் கோர்வை அறுந்துபோகும். எழுத்து இரட்டிக்கும், அல்லது கர்சர் கடைசிக்குத் தாவும். பத்து இலக்கம் மட்டும் ஏற்கும் ஃபோன் எண் பெட்டியில் யாருக்கும் இது தெரியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கும் தெரியாது. சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரர்கள் இதைப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள்.

உள்ளூர் நிலை இன்னொரு தலைவலி. ஒரு மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் எல்மில் நடு நிலையில் வைத்து, அதற்கொரு செய்தி வகை எழுதி, ‘புதுப்பி’யில் ஒரு கிளை சேர்த்து, அதைத் தாய் உறுப்பின் செய்திக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். ஒரு மெனுவுக்கு இது பரவாயில்லை. ஐம்பது மெனு என்றால் கை ஓய்ந்துவிடும். ரியாக்ட் 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் மூலம் எதிர்த் திசையில் போனது: ஃபங்ஷனுக்குள்ளேயே நிலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஹூக்குகளை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அழைக்க வேண்டும், நிபந்தனைக்குள் வைக்கக் கூடாது. பார்க்க ஃபங்ஷன், உள்ளே ஞாபகசக்தி. தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் பயன்படுத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எல்ம் விடைகொடுத்த சிக்னல்கள் இப்போது ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டன. இடைமுக நூலகங்களில் சாலிட் அவற்றின் மேல்தான் நிற்கிறது, ஆங்குலர் 2023-ல் சேர்த்துக்கொண்டது, ஸ்வெல்ட் தன் ஐந்தாம் பதிப்பை அவற்றைச் சுற்றிக் கட்டியது. மரம் முழுவதையும் ஒப்பிடாமல், மாறிய மதிப்பைச் சார்ந்த இடத்தை மட்டும் நேராகத் தொட்டு மாற்ற வேண்டும் என்பது நோக்கம். எலியட் சொன்ன தொடர்ச்சியான காலம் இதில் இல்லை. எந்த மதிப்பு எதைச் சார்ந்தது என்ற வரைபடம் மட்டும் இருக்கிறது. ஓகேமில் மொழியை நம்பி இயங்கும் ஜேன் ஸ்ட்ரீட் என்ற நிதி வர்த்தக நிறுவனமும் இதே தேவைக்கு இன்க்ரிமென்டல் என்ற நூலகத்தையும், அதன் மேல் போன்சாய் என்ற இடைமுக அமைப்பையும் எழுதி வைத்திருக்கிறது. விலைகள் ஓயாமல் மாறும் பெரிய அட்டவணைகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு மரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதல்லவா.

சரி, இன்று யாராவது ஃபங்ஷனல் மொழியில் இடைமுகம் எழுத வேண்டுமென்றால்? இணையப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வழிகள் ஏராளம். எல்ம் இன்னும் ஓடுகிறது, 2019-க்குப் பின் பல ஆண்டுகள் புதுப் பதிப்பு வராவிட்டாலும். எஃப்-ஷார்ப்பில் எல்மிஷ், குளோஜர்ஸ்கிரிப்டில் ரீ-ஃப்ரேம், ஹாஸ்கெலில் மிசோ எல்லாம் அதே வடிவத்தின் வட்டார வழக்குகள். கைபேசியில் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ, கூகுளின் கம்போஸ் இரண்டும் ‘நிலையிலிருந்து திரை’ என்ற எண்ணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன. அவற்றின் மொழிகள் தூய ஃபங்ஷனல் மொழிகள் இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ரஸ்ட் மொழியின் ஐஸ்டு நூலகம் எல்மைப் பார்த்து எழுதியது, சிஸ்டம்76 நிறுவனம் தன் காஸ்மிக் டெஸ்க்டாப்பை அதன் மேல் கட்டியிருக்கிறது.

டெஸ்க்டாப்பில் ஹாஸ்கெல் வேண்டும் என்பவருக்குத்தான் இன்னும் சங்கடம். முனையத்துக்குள் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோ) எழுத்து இடைமுகம் போதும் என்றால் பிரிக் நூலகம் அருமையானது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உலாவியையே திரையாக வைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் த்ரீபென்னி இருக்கிறது. தனி விண்டோவே வேண்டும் என்றால் மோனோமர் எல்ம் பாணியில் எழுத விடுகிறது, உறுப்புகளைத் தானே வரைகிறது. தானே வரையும் எந்த நூலகத்திலும் இரண்டு விஷயங்களை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தப் பட்டன்களைக் காண்கிறதா என்பது ஒன்று. இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளுக்கு அது இயல்பாகவே அமையும், வரைந்த படங்களுக்கு யாராவது தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். இன்னொன்று எழுத்து. எழுத்துருவிலிருந்து வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கும் எளிய நூலகங்களுக்கு, ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக் கோக்கும் இயந்திரம் இல்லாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதே தெரியாது. செயல்விளக்க நிரலைத் திறந்ததும் உள்ளீட்டுப் பெட்டியில் ‘கொக்கு’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், அதன் வகை அமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தமிழ்ப் பயனர்களுக்கான மென்பொருளை அதில் தொடங்க வேண்டாம்.